ஏற்பாடாகி நின்றுபோன சண்டைகள்

விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி வட்டாரத்துத் துரோபதை அம்மன் கோயில்களில் பாரதம் வைத்தால், படுகளத்து அன்று துரியோதனன் விழுந்தே ஆகவேண்டும். இரவெல்லாம் மழை பெய்திருக்கலாம், வாத்தியாருக்குத் தொண்டை கட்டியிருக்கலாம், துரியோதன வேஷம் கட்டுகிறவருக்குக் காய்ச்சலாக இருக்கலாம். வேஷத்தை இன்னொருவர் கட்டிக்கொள்வார், அவ்வளவுதான். மண்ணில் செய்து படுக்கவைத்த பேருருவின் தொடையில் பீமன் அடிப்பான், துரோபதை கூந்தல் முடிப்பாள், மாலையில் தீமிதி நடக்கும். செஞ்சிக்குப் பக்கத்து மேலச்சேரியை மையமாக வைத்து இந்த வழிபாட்டை ஆராய்ந்த அமெரிக்கரான ஆல்ஃப் ஹில்டபைட்டல், தம் பெருநூலின் முதல் தொகுதியை 1988-இல் வெளியிட்டார்.

முடிவு தெரிந்த சண்டையை விடிய விடிய உட்கார்ந்து பார்க்கிற ஊர்கள் இவை. ஆகவே தொழில்முறை மல்யுத்தத்தைப் பற்றிப் படித்தவர்கள் வழக்கமாகக் கேட்கும் "எல்லாம் முன்னாலேயே பேசிவைத்ததுதானே?" என்ற கேள்வி இங்கே பெரிதாக எடுபடாது. கூத்தும் பேசிவைத்ததுதான். திரை பிடித்து வேஷக்காரரை வெளியே கொண்டுவரும் முறையும், ரிங்குக்கு ஒருவர் பாட்டோடு நடந்துவரும் முறையும் ஒன்றுக்கொன்று அந்நியமல்ல. வித்தியாசம் வேறோர் இடத்தில் இருக்கிறது. துரியோதனன் கதை ஊருடையது. அதை ரத்துசெய்ய எவருக்கும் அதிகாரமில்லை. ரிங்கில் நடக்கும் கதை கம்பெனியுடையது. மாதக்கணக்கில் பகை வளர்த்து, விளம்பரம் செய்து, டிக்கெட்டும் விற்றுவிட்டுச் சண்டையை நடத்தாமலே விடலாம். நடந்த சண்டையில் யார் ஜெயித்தார் என்று தெரிந்துகொள்கிறோம். நின்றுபோன சண்டையில்தான் முடிவு யார் கையில் இருந்தது என்று தெரியவரும். இந்தத் துறையை அந்தப் பக்கத்திலிருந்து பார்க்கவேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன்.

தமிழில் மற்போர் பற்றிய பழைய பதிவுகளில் ஒன்று புறநானூற்றில் இருக்கிறது. சோழன் போர்வைக்கோப் பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வீழ்த்தியதைச் சாத்தந்தையார் பாடினார். அவனோடு பகைத்திருந்த தந்தை தித்தன் இந்த வெற்றியைக் கண்ணால் காணவேண்டும் என்பது புலவரின் ஏக்கம். 'மாமல்லன்' என்று மல்லனின் பெயரையே பட்டமாகச் சூடிய நரசிம்மவர்ம பல்லவனுடைய தகப்பன் மகேந்திரவர்மன் குடைந்த மண்டகப்பட்டுக் குகைக்கோயில் விழுப்புரம்–செஞ்சிச் சாலையை ஒட்டித்தான் இருக்கிறது. இவையெல்லாம் பெருமைக்குரிய பழங்கதைகள். நின்றுபோன சண்டைகளின் நவீன வரலாறு தொடங்குவது 1910-இல், லண்டனில்.

அமிர்தசரஸ் பக்கத்திலிருந்து கப்பலேறிப்போன காமா பயில்வானை அங்கே யாரும் பொருட்படுத்தவில்லை. ஆள் உயரம் போதாது என்றார்கள். எந்த எடைக்காரராக இருந்தாலும் வரலாம் என்று அவர் பகிரங்கமாகச் சவால் விட்டார். அமெரிக்கரான பெஞ்சமின் ரோலரைத் தோற்கடித்த பிறகுதான் கவனித்தார்கள். செப்டம்பர் 10 அன்று ஷெப்பர்ட்ஸ் புஷ் மைதானத்தில் போலந்துக்காரரான ஸ்டானிஸ்லாஸ் ஸ்பிஸ்கோவுடன் மோதல். ஸ்பிஸ்கோ பெரும்பாலான நேரம் தரையோடு தரையாக ஒட்டிக் குப்புறக் கிடந்தார். அவரைப் புரட்ட காமா இரண்டரை மணி நேரத்துக்குமேல் முயன்றும் முடியவில்லை. மறுபடி மோத 17-ஆம் தேதி குறித்தார்கள். அன்று காமா வந்தார், கூட்டம் வந்தது, ஸ்பிஸ்கோ வரவில்லை. வராத எதிராளியை வென்றவராக அறிவித்து காமாவுக்கு 'ஜான் புல்' பெல்ட்டைக் கொடுத்தார்கள்.

அந்தப் பெல்ட்டைக் காமாவின் வெற்றியாக மட்டுமே நம்மவர்கள் எழுதிவருகிறார்கள். எனக்கு அது ஓர் ஏமாற்றத்தின் ரசீதாகவே தெரிகிறது. அந்தக் காலத்தில் உலகின் முதல் மல்லர்களாக மதிக்கப்பட்ட ஃப்ராங்க் காட்ச், ஜார்ஜ் ஹேக்கன்ஷ்மிட் இருவரோடும் மோதவேண்டும் என்பதே காமாவின் ஆசை. இருவரும் அவர் முன்னால் நின்றதே இல்லை. அவர்கள் தங்களுக்குள் 1908-இலும் 1911-இலும் சிகாகோவில் மோதி, உலகப் பட்டத்தைத் தீர்மானித்துக்கொண்டார்கள். அடிமை நாட்டிலிருந்து வந்த ஒருவரிடம் தோற்றால் இழப்பு பெரிது, ஜெயித்தால் வரவு சிறிது என்ற கணக்கு போட அதிகப் படிப்பு வேண்டியதில்லை. ஸ்பிஸ்கோவோடு இருந்த பழைய பாக்கி 1928 ஜனவரியில் பட்டியாலாவில் தீர்ந்தது. மகாராஜா ஏற்பாடு செய்த போட்டியில் காமா ஒரு நிமிடத்துக்குள் அவரைக் கிடத்தினார். காட்ச் அதற்குப் பத்து வருஷம் முன்பே இறந்துவிட்டார். அந்தச் சண்டை இனி யாராலும் நடத்த முடியாதது.

காமாவை வெள்ளைக்காரர்கள் தவிர்த்தார்கள் என்றால், ஹமீதா பானுவை நம்மவர்களே தவிர்த்தார்கள். இந்தப் பெயர் தமிழ் வாசகர்களுக்கு அதிகம் பழக்கமில்லை. 'அலிகரின் அமேசான்' என்று பத்திரிகைகள் எழுதிய இந்தப் பெண் மல்லர் 1940-களிலும் 50-களிலும் ஆண்களோடு மோதி வந்தார். 1944-இல் பம்பாயில் அவரும் கூங்கா பயில்வானும் மோதுவதாக அறிவித்தபோது சுமார் 20,000 பேர் திரண்டதாகப் பாம்பே க்ரானிக்கிள் எழுதியது. கூங்கா கூடுதல் பணமும் கூடுதல் அவகாசமும் கேட்டதில் கடைசி நேரத்தில் போட்டி ரத்தானது. ஆத்திரமடைந்த கூட்டம் அரங்கத்தை அடித்து நொறுக்கியது.

1954-இல் அவர் ஒரு சவால் விட்டார்: என்னை ஜெயிக்கிறவரை மணந்துகொள்கிறேன். பட்டியாலாக்காரர் ஒருவரையும் கல்கத்தாக்காரர் ஒருவரையும் வீழ்த்திவிட்டு பரோடாவுக்கு வந்தார். எதிராளியாக அறிவிக்கப்பட்டிருந்த சோட்டே காமா பயில்வான், பெண்ணோடு மோதமாட்டேன் என்று ஒதுங்கிக்கொண்டார். பதிலுக்கு வந்த பாபா பயில்வான் 1 நிமிடம் 34 நொடியில் தோற்றார். வேறோர் ஊரில் ராமச்சந்திர சாலுங்கேவோடு நடக்கவிருந்த போட்டி, உள்ளூர் மல்யுத்தச் சங்கத்தின் எதிர்ப்பால் நின்றது. தம் போட்டிகளுக்கு விழும் தடைகள் பற்றி அவர் அப்போது பம்பாய் முதலமைச்சராக இருந்த மொரார்ஜி தேசாயிடம் முறையிட்டபோது, பெண் என்பதற்காகத் தடுக்கவில்லை, எதிராளிகளாக டம்மி ஆட்களை நிறுத்துகிறார்கள் என்ற புகாரால்தான் என்று பதில் வந்தது. இதை ஊன்றிப் படிக்கவேண்டும். அவர் ஜெயித்தால் எதிராளி டம்மி என்பார்கள். எதிராளி நிஜமானவராக இருந்தால் மோத வரமாட்டார். எந்தப் பக்கம் போனாலும் வாசல் அடைத்திருந்தது.

அதே ஆண்டு ஐரோப்பாவுக்குப் போய் மோதப்போவதாக ஹமீதா பானு அறிவித்தார். போகவில்லை. அவரைப் பயிற்றுவித்த சலாம் பயில்வான் அந்தப் பயணம் பிடிக்காமல் அடித்துக் கையை உடைத்தார் என்று பேரன் பிற்காலத்தில் பிபிசியிடம் சொல்லியிருக்கிறார். கல்யாணில் பால் விற்றும் தின்பண்டம் செய்து விற்றும் பிழைத்த ஹமீதா பானு 1986-இல் இறந்தார். 2024 மே 4 அன்று கூகுள் தன் முகப்பில் அவர் படத்தைப் போட்டது. உலகம் முழுக்க நின்றுபோன எல்லா மல்யுத்தப் போட்டிகளையும் ஒரு பட்டியலாகப் போட்டால், நடக்காமல் போன அந்த ஐரோப்பியப் பயணத்தைத்தான் நான் முதலில் வைப்பேன்.

அடுத்தது தாரா சிங் காலம். "பெரிய தாரா சிங்குன்னு நெனப்பு" என்று இன்றும் நம் பக்கத்துத் திண்ணைகளில் கேட்கலாம். கிங்காங் என்ற பெயரும் அப்படியே தமிழில் தங்கிவிட்டது. ஹங்கேரிக்காரரான எமில் சாயாதான் அந்தக் கிங்காங். தாரா சிங் சிங்கப்பூர், மலாயா மேடைகளில் வளர்ந்தவர். 1959-இல் கல்கத்தாவில் ஜார்ஜ் கோர்டியன்கோவையும், 1968 மே 29 அன்று பம்பாயில் லூ தெஸ்ஸையும் தோற்கடித்தார். இத்தனை பேரோடு மோதியவர் காமாவின் தம்பி மகன் போலு பயில்வானோடு மோதியதில்லை. ஒரே பஞ்சாபின் இரண்டு பெரிய பயில்வான்கள், எல்லைக்கு இரண்டு பக்கம். பேச்சாகவே நின்றுபோன அந்தச் சண்டையைத் தடுத்தது பிரிவினை என்று நான் நினைக்கிறேன். எந்தப் பக்கம் தோற்றாலும் தோற்றது ஒரு பயில்வான் என்று யாரும் விட்டிருக்கமாட்டார்கள்.

தமிழ்நாட்டுக்கு வந்துபோன ஒருவர் சம்பந்தப்பட்ட கதையும் உண்டு. 1976 ஜூன் 26 அன்று டோக்கியோவில் முகமது அலியும் ஜப்பானிய மல்லர் அந்தோனியோ இனோகியும் மோதினார்கள். முதலில் பேசிய திட்டத்தில் முடிவு எழுதப்பட்டிருந்தது, அலி தோற்க ஒப்பவில்லை என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். அப்படி ஒப்பந்தமே இல்லை என்று மறுக்கிறவர்களும் உண்டு. மேடையில் நடந்தது இதுதான்: இனோகி பெரும்பாலும் தரையில் படுத்தபடி அலியின் காலை உதைத்துக்கொண்டே இருந்தார், பதினைந்து சுற்றும் முடிந்து சமன் என்றார்கள். அந்த அலி 1980-இல் சென்னை நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடியதை நேரில் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

தொண்ணூறுகளில் கேபிள் வந்தது. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் பள்ளிக்கூடத்துக்கு எதிர்ப் பெட்டிக்கடைகளில் டபிள்யூ.டபிள்யூ.எஃப். (இன்றைய டபிள்யூ.டபிள்யூ.இ.) கார்டுக் கட்டு தொங்கியது. ரேங்க், உயரம், எடை, மார்பளவு, பைசெப்ஸ் என்று ஒவ்வொரு கார்டிலும் எண்கள். மேலான எண் வைத்திருப்பவர் எதிராளியின் கார்டை எடுத்துக்கொள்ளலாம். வெவ்வேறு காலத்து மல்லர்கள் ஒரே கட்டில் கலந்திருந்ததால், நிஜத்தில் ஒருநாளும் சந்திக்காதவர்கள் எல்லாம் மதிய இடைவேளையில் மரத்தடியில் மோதினார்கள். அண்டர்டேக்கர் ஏழு முறை செத்துப் பிழைத்தவர் என்று அடித்துச் சொன்ன பையன் எல்லா வகுப்பிலும் ஒருவன் இருந்தான். ஃபைட் நிஜமா, செட்டப்பா என்ற வாதமும் ஓயாமல் நடந்தது. அமெரிக்காவில் அந்த வாதம் 1989-லேயே முடிந்திருந்தது. விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாட்டிலிருந்தும் வரியிலிருந்தும் தப்பிக்க, இது பொழுதுபோக்குதான் என்று கம்பெனியே நியூ ஜெர்சி செனட்டிடம் ஒப்புக்கொண்டது.

ஒப்புக்கொண்ட பிறகு ரத்துகளின் தன்மை மாறியது. எதிராளி பயந்து ஒளிவது போய், எழுதியவர் மனம் மாறுவது வந்தது. ஹல்க் ஹோகனும் ரிக் ஃப்ளேரும் கம்பெனியின் ஆண்டுப் பெருவிழாவான ரெஸில்மேனியாவில் 1992-இல் மோதுவார்கள் என்று பத்திரிகையாளர் கூட்டம் நடத்தி அறிவித்துவிட்டு, இருவருக்கும் வேறு எதிராளிகளைக் கொடுத்தார்கள். ஸ்டிங், அண்டர்டேக்கர் இருவருக்கும் நடுவே ரசிகர்கள் கால் நூற்றாண்டு எதிர்பார்த்த மோதல் கடைசிவரை வரவில்லை. 2014-இல் ஸ்டிங் அதே கம்பெனிக்கு வந்தும்கூட நடத்தவில்லை. அடுத்த ஆண்டு கழுத்தில் அடிபட்டு அவர் ஒதுங்கினார். இதற்குக் கம்பெனியைத் தவிர வேறு யாரையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சில ரத்துகள் நல்லதாகவும் முடிந்தன. 1997 ரெஸில்மேனியாவில் பிரெட் ஹார்ட், ஷான் மைக்கேல்ஸ் மறுமோதல் நடக்கும் என்று எல்லோரும் நம்பியிருந்தபோது, முழங்கால் காயம் என்று மைக்கேல்ஸ் பட்டத்தைத் துறந்தார். பதிலுக்கு ஹார்ட், ஸ்டீவ் ஆஸ்டினோடு மோதினார். நெற்றி ரத்தம் முகமெல்லாம் வழிய, வலியில் மயங்கினாரே தவிர ஆஸ்டின் தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை. அந்தத் தொழிலின் மிகச் சிறந்த சண்டைகளில் ஒன்று அப்படிக் கிடைத்தது.

அதே வருஷம் நவம்பர் 9, மாண்ட்ரியால். இங்கே கொஞ்சம் நின்றுதான் போகவேண்டும். பட்டம் பிரெட் ஹார்ட்டிடம் இருந்தது. அவர் போட்டிக் கம்பெனிக்குப் போகவிருந்தார். சொந்த நாட்டு மண்ணில், பிடிக்காத மைக்கேல்ஸிடம் தோற்கமாட்டேன் என்றார். கடைசி முப்பது நாளுக்குத் தம் கதையில் தமக்கு நியாயமான உரிமை உண்டு என்று ஒப்பந்தமே இருந்தது. போட்டி குழப்பத்தில் முடியட்டும், மறுநாள் பட்டத்தை மரியாதையாக ஒப்படைத்துவிடலாம் என்று முதலாளி வின்ஸ் மக்மேனோடு பேசி முடித்தார்கள். மேடையில் ஹார்ட்டின் சொந்தப் பூட்டையே மைக்கேல்ஸ் ஹார்ட்டின் மேல் போட்டார். ஹார்ட் விடுவித்துக்கொள்வதற்குள் மணியடிக்கச் சொல்லி மக்மேன் கத்தினார், மணி அடித்தது, பட்டம் கைமாறிவிட்டது. ஹார்ட் முதலாளியின் முகத்தில் துப்பினார். அந்த நாட்களில் அவரைப் பின்தொடர்ந்த ஓர் ஆவணப்படக் குழுவின் கேமராவில் முன்பு நடந்த பேச்சும் பின்பு வந்த கோபமும் பதிவாகியிருக்கின்றன.

நடக்கவேண்டிய முடிவு நடக்காமல், எழுதிவைத்த கதைக்குள்ளேயே ஒரு நிஜ வஞ்சகம் நடந்த இரவு அது. பாரதத்தில் சூதாட்டத்துக்கு இருக்கும் இடம் இந்தத் தொழிலில் மாண்ட்ரியாலுக்கு உண்டு. மல்லரின் உடம்பு, பெயர், ரத்தம் எதுவானாலும் கதை அவருடையதல்ல என்பதை அத்தனை பச்சையாக வேறெந்த இரவும் காட்டியதில்லை.

இந்தியாவுக்கு அந்தக் கதை எப்படி வந்து சேர்ந்தது என்பதும் இதோடு சேர்ந்ததே. 2012-இல் கலர்ஸ் சேனலில் 'ரிங் கா கிங்' ஓடியது. அமெரிக்கக் கம்பெனியான டி.என்.ஏ. புனேயில் எடுத்த தொடர் அது. ஒரு பருவத்தோடு சரி. அதில் தொடங்கிய பகைகளெல்லாம் அந்தரத்தில் நின்றன. 2017 மே 21 அன்று ஜிந்தர் மஹால் ராண்டி ஆர்ட்டனைத் தோற்கடித்து டபிள்யூ.டபிள்யூ.இ. சாம்பியன் ஆனார். கனடாவில் பிறந்த பஞ்சாபியான அவருடைய மாமா, காமாவின் பெயரையே வைத்துக்கொண்டு மோதிய காமா சிங். இந்தியச் சந்தையைக் கணக்கில் வைத்துத்தான் இந்தப் பட்டம் என்று ரசிகர்கள் வெளிப்படையாகவே பேசினார்கள். நவம்பர் 19 அன்று ஹூஸ்டனில் ப்ராக் லெஸ்னரோடு அவர் மோதுவார் என்று அறிவித்தார்கள். பன்னிரண்டு நாள் முன்னால், மான்செஸ்டரில் ஒரு செவ்வாய்க்கிழமை நிகழ்ச்சியில் ஏ.ஜே. ஸ்டைல்ஸிடம் அவரைத் தோற்கவைத்து லெஸ்னர் மோதலை ஸ்டைல்ஸுக்குக் கொடுத்தார்கள். டெல்லியில் டிசம்பர் 8, 9 என்று அறிவித்திருந்த இரண்டு நாள் நிகழ்ச்சி ஒரு நாளாகச் சுருங்கியது. அந்த ஒரு நாளிலும், சொந்தக் கூட்டத்தின் முன்னால், கம்பெனி நிர்வாகியான டிரிபிள் எச்சிடம் ஜிந்தர் தோற்றார். ஆட்டத்திறமையில் ஸ்டைல்ஸ் மேலானவர் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தில்லை. ஆனால் சந்தைக்காகத் தூக்கிவைத்த ஒருவரை அந்தச் சந்தையின் வாசலிலேயே இறக்கிவிட்டது அவமானம்தான். லண்டன் மைதானத்தில் எதிராளிக்காகக் காத்திருந்த காமாவுக்கும் இவருக்கும் நடுவே 107 வருஷம். தீர்மானிக்கிற இடம் மட்டும் அப்படியேதான் இருந்தது.

கூட்டம் திரும்பிக் கத்தினால் கம்பெனி பணியும் என்பதற்கும் சான்று உண்டு. 2014 ரெஸில்மேனியாவுக்கு எழுதிவைத்த பட்டப் போட்டி ஆர்ட்டனுக்கும் பட்டிஸ்டாவுக்கும் மட்டும்தான். டேனியல் பிரையன் பெயரைச் சொல்லி அரங்கம் அரங்கமாகக் கூச்சல் எழுந்தது. அவரைச் சேர்த்து, அவரையே ஜெயிக்கவைத்தார்கள். 2024-இல் ராக், ரோமன் ரெய்ன்ஸ் மோதலுக்கு அடிபோட்டார்கள். கோடி ரோட்ஸ்தான் வேண்டும் என்று ரசிகர்கள் பிடிவாதமாக நின்றார்கள், ஒரு வாரத்துக்குள் திட்டம் மாறியது. சினிமா நட்சத்திரமாகிவிட்ட ராக்கையே கூட்டம் தள்ளிவைத்தது இந்தத் தொழிலில் சாதாரணச் செய்தி அல்ல.

மரணம் நிறுத்திய கதைகளைப் பற்றி அதிகம் பேச எனக்கு மனமில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். ப்ரே வயட் 2023 ஆகஸ்ட் 24 அன்று, 36 வயதில் இறந்தபோது அவர் தொடங்கிய 'அங்கிள் ஹௌடி' மர்மக் கதை பாதியில் நின்றது. அடுத்த ஜூனில் அவர் தம்பி அந்த முகமூடியை அணிந்து கதையைத் தொடர்ந்தார். வேஷம் கட்டியவர் போனாலும் வேஷம் நிற்கக்கூடாது என்ற எண்ணம் அங்கேயும் சில குடும்பங்களில் இருக்கிறது.

2021 ஜூனில் சோனி டென் 4 தொடங்கியபோது இந்தச் சண்டைகள் தமிழ் வர்ணனையோடு வரத் தொடங்கின. 2025 ஏப்ரலில் எல்லாம் நெட்ஃப்ளிக்ஸுக்குப் போயின. அமெரிக்காவில் 1992-இல் எந்தப் போட்டி ஏன் ரத்தானது என்பதற்கு இன்று புத்தகங்கள் இருக்கின்றன, பேட்டிகள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் ஏற்பாடான குஸ்திகளுக்கு, நடந்ததற்கும் சரி, நின்றதற்கும் சரி, அப்படி ஒரு வரலாறு எழுதப்படவில்லை. சினிமா நோட்டீசையும் நாடக நோட்டீசையும் சேர்த்த அளவுக்கு நாம் குஸ்தி நோட்டீசைச் சேர்க்கவில்லை. விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ, எந்த ஊரிலாவது, உங்கள் தாத்தாவின் டிரங்குப் பெட்டியிலோ பரணிலோ பழைய குஸ்தி நோட்டீஸ், டிக்கெட், படம் ஏதாவது கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது, அங்கே கொண்டுபோய்க் கொடுங்கள். 'போட்டி ஒத்திவைக்கப்பட்டது' என்று மேலே ஒட்டிய நோட்டீசாக இருந்தால் அதை முதலில் கொடுங்கள்.